தேயிலை இரவின் பின்வாசல்

சத்தம் போடாமல் என் பின்னாலேயே வாருங்கள். இது பாஸ்டன் நகரம். 1773 டிசம்பர் 16, வியாழக்கிழமை பிற்பகல். காலையிலிருந்து அடித்த குளிர்மழையில் தெருவெல்லாம் சொதசொத என்றிருக்கிறது. கால் வழுக்கும், பார்த்து!

இன்றிரவு இந்த ஊர்த் துறைமுகத்தில் நடக்கப்போவதைப் பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 1846-ல் நத்தானியேல் கரியர் அச்சிட்ட புகழ்பெற்ற படத்தையும் பார்த்திருக்கலாம். தலையில் இறகு செருகியவர்கள் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் வீசுகிறார்கள். கரையில் திரண்ட கூட்டம் தொப்பியைத் தூக்கி ஆரவாரம் செய்கிறது. அது முன்வாசல் காட்சி. நாம் போவது பின்வாசல் வழியாக!

அந்தப் பின்வாசலைத் திறந்துவிட்டவர்கள் அன்றிரவு அங்கே வியர்வை சிந்தியவர்களே. ஐம்பது, அறுபது ஆண்டுகள் வாய்க்குப் பூட்டுப் போட்டிருந்தவர்கள், தள்ளாத வயதில் ஒவ்வொருவராக மனம் திறந்து பேசினார்கள். அவர்கள் சொன்ன துணுக்குகளைப் பிடித்துக்கொண்டே நடந்தால் போதும். கரி, சேறு, கிசுகிசு, அடக்கிய சிரிப்பு என்று எல்லாம் கண்ணில் படும்.

முதலில் இந்த வீடு. பிராட்டில் தெருவில் பெஞ்சமின் ஈட்ஸ் குடியிருக்கும் இடம். 'பாஸ்டன் கெசட்' பத்திரிகையை அச்சிடுகிற இரண்டு பேரில் ஒருவர். முன்னறைக் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே சில கனவான்கள் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு மட்டுமல்ல, வீட்டுப் பிள்ளைக்கே அங்கே அனுமதி இல்லை! பதினேழு வயதை எட்டும் பீட்டர் ஈட்ஸ் பக்கத்து அறையில் நிற்கிறான். அவன் கையில் ஒரு பெரிய பீங்கான் கிண்ணம். ரம் கலந்த 'பஞ்ச்' பானத்தைக் கலக்கி ஊற்றுவதுதான் அவனுக்கு இட்ட வேலை. கிண்ணம் உள்ளே போகிறது, காலியாகித் திரும்பி வருகிறது. மறுபடி கலக்கு, மறுபடி கொடு!

உள்ளே என்ன பேச்சு, யார் யார் இருக்கிறார்கள்? பையனுக்குக் காது அரிக்கிறது, ஆனால் கதவு திறக்கவில்லை. இருட்டும்வரை இருந்துவிட்டு அவர்கள் கிளம்பிப் போனார்கள். அறுபது ஆண்டு கழித்து எழுதிய கடிதத்தில்கூட பீட்டருக்கு மறக்காமல் நினைவிருந்தது, அந்தக் கிண்ணத்தைத் தான் பல தடவை நிரப்பினேன் என்பதுதான். இன்றும் அந்தக் கிண்ணம் மாசச்சூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தில் பத்திரமாக இருக்கிறது. ஒரு புரட்சி தொடங்கிய அறைக்கு வெளியே நின்ற பையனின் சாட்சி!

சரி, வாருங்கள். ஓல்ட் சவுத் கூட்ட மண்டபத்துக்குள் ஓர் எட்டு எட்டிப் பார்த்துவிடலாம். ஊரிலேயே பெரிய கட்டடம் இதுதான், ஆனாலும் இன்று நிற்க இடமில்லை. ஏறத்தாழ 5,000 பேர்! ஈரக் கம்பளியின் வாடை, மெழுகுவத்திப் புகை, தும்மல், முணுமுணுப்பு. எல்லாரும் ஒரே ஒருவருக்காகக் காத்திருக்கிறார்கள். அவர் பெயர் ஃபிரான்சிஸ் ரோட்ச். 'டார்ட்மத்' கப்பலின் சொந்தக்காரர்களில் ஒருவர், இருபத்துமூன்று வயது இளைஞர். பாவம், எந்தப் பக்கம் திரும்பினாலும் அவருக்கு அடி. தேயிலையைத் திருப்பி எடுத்துப் போ என்கிறது ஊர். சுங்க வரி கட்டாமல் கப்பல் நகரக்கூடாது என்கிறது அரசு. துறைமுகத்துக்கு வந்த 20 நாளுக்குள் வரி கட்டாவிட்டால் சரக்கைப் பறிமுதல் செய்யலாம் என்பது சட்டம். நவம்பர் 28-ல் வந்த கப்பலுக்கு அந்தக் கெடு நாளையோடு முடிகிறது.

கப்பல் வெளியேற அனுமதிச் சீட்டுக் கேட்டு, மில்ட்டனில் இருக்கும் ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன் வீட்டுக்கு மழையில் போயிருக்கிறார் ரோட்ச். காத்திருக்கிற நேரத்தில் உப்புத் தண்ணீரில் தேயிலை எப்படிக் கலக்கும் என்று யாருக்குத் தெரியும் என ஒருவர் கொளுத்திப் போட, மண்டபம் கொல்லென்று சிரித்ததாம். ஜான் ரோ என்ற வணிகர் சொன்னதாகச் சொல்வார்கள். ஆறு மணி நெருங்கும்போது ரோட்ச் சோர்ந்து போய்த் திரும்புகிறார். அனுமதி கிடையாது! எதிர்ப்பின் தலைவர்களில் ஒருவரான சாமுவேல் ஆடம்ஸ் எழுந்து, இனி இந்தக் கூட்டம் நாட்டைக் காக்கச் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்கிறார். கொஞ்ச நேரத்தில் வாசலில் கூச்சல். இன்றிரவு பாஸ்டன் துறைமுகமே தேநீர்ப் பானை என்று யாரோ கத்துகிறார்கள். எல்லாரும் அந்தப் பக்கம் ஓடட்டும். நாம் ஒப்பனை நடக்கும் இடத்துக்குப் போவோம்!

இருட்டில் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாஸ்டனுக்கு இன்னும் தெருவிளக்கு வரவில்லை. லண்டனில் வாங்கிய விளக்குகள் நான்காவது தேயிலைக் கப்பலான 'வில்லியம்'-இல் வந்துகொண்டிருந்தன. அந்தக் கப்பல் கேப் காட் கரையில் தரைதட்டிவிட்டது. விளக்குகள் தப்பித்து, 1774-இல் எரியத் தொடங்கின. ஆக, இன்றைக்கு வேடம் போட்டவர்களுக்கு இருட்டே துணை.

இதோ ஒரு கொல்லன் பட்டறை. உள்ளே பாருங்கள்! கரித்தூளை அள்ளி முகத்திலும் கையிலும் அப்பிக்கொண்டு நிற்கிறாரே, குள்ளமான மனிதர், அவர்தான் ஜார்ஜ் ராபர்ட் டுவெல்வ்ஸ் ஹ்யூஸ். செருப்புத் தைக்கிற தொழிலாளி. ஐந்தடி ஓர் அங்குல உயரம், முப்பத்தோரு வயது. இடுப்பில் சின்னக் கைக்கோடாலி. மோஹாக் பழங்குடியினர் வேடம் என்று பேர்தான். பெரும்பாலானவர்களிடம் இருப்பது ஒரு பழைய கம்பளி, கொஞ்சம் புகைக்கரி, கொஞ்சம் கொழுப்பு. கரியர் படத்தில் வரும் அழகான இறகுகளை இங்கே தேடினால் ஏமாந்துதான் போவோம்.

கயிறு திரிக்கும் தொழில் பழகும் பையன் பீட்டர் ஸ்லேட்டர் மூச்சு வாங்க ஓடி வருகிறான். இன்றைக்கு வம்பில் மாட்டிக்கொள்ளாதே என்று முதலாளி அவனை அறைக்குள் பூட்டி வைத்துவிட்டார். பையன் ஜன்னல் வழியே இறங்கி வந்துவிட்டான்! பட்டறையில் நின்ற ஒருவர் அவனிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை. சட்டைக்கு மேல் ஒரு கைக்குட்டையைக் கட்டு, முகத்தில் கரியைப் பூசு, கிளம்பு என்கிறார். ஒப்பனை முடிந்தது!

ஜாஷுவா வையெத் என்ற பதினைந்து வயது கொல்லுப் பட்டறைப் பையன் பிற்காலத்தில் சொன்னான்: நாங்கள் மனிதர்களைப் போலவே இல்லை, பாதாளத்திலிருந்து கிளம்பிய பிசாசுகளைப் போல இருந்தோம், பேசினால் குரலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க முடிந்தது. அவனைப் போன்ற பல பையன்களின் முதலாளிகள் அரசர் பக்கம். முகம் தெரிந்தால் பிழைப்பே போய்விடும். அந்தக் கரிப்பூச்சில் பயமும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

கிரிஃபின் துறைக்கு வந்துவிட்டோம். மூன்று கப்பல்கள் வரிசையாக நிற்கின்றன. 'டார்ட்மத்', 'எலினோர்', நேற்றுத்தான் வந்து சேர்ந்த 'பீவர்'. அம்மை கண்டிருந்ததால் பீவரை இத்தனை நாள் தனியே நிறுத்தி வைத்திருந்தார்கள். லாந்தரும் தீவட்டியும் ஏந்தியவர்கள் மூன்று அணியாகப் பிரிந்து ஏறுகிறார்கள். லெண்டால் பிட்ஸ் என்பவரின் அணியில் நம் ஹ்யூஸுக்கு உடனே பதவி உயர்வு! ஆட்களை ஏவி வேலை வாங்கும் மேஸ்திரி அவர்தான். காரணம் கேட்டால் பிரியம் பிறந்துவிடும். ஊரிலேயே கணீரென்று விசிலடிக்கக் கூடியவர் என்பதுதான் அவருடைய தகுதி!

மேஸ்திரியின் முதல் வேலை, கப்பல் தலைவரிடம் போய்ச் சரக்கறைச் சாவியும் ஒரு டஜன் மெழுகுவத்தியும் கேட்பது. முகமெல்லாம் கரி, இடுப்பில் கோடாலி, வாயில் மெழுகுவத்தி விண்ணப்பம்! கப்பல் தலைவர் மறுபேச்சுப் பேசாமல் கொடுத்துவிட்டு, கப்பலுக்கும் பாய்மரக் கயிறுகளுக்கும் சேதம் வரக்கூடாது என்று மட்டும் கேட்டுக்கொள்கிறார். அந்த வேண்டுகோள் காப்பாற்றப்பட்டதா என்பதை இன்னும் மூன்று மணி நேரத்தில் நீங்களே பார்த்துவிடுவீர்கள்.

இப்போது கீழே, சரக்கறைக்குள். மூக்கை இழுத்துப் பாருங்கள்! மரப்பெட்டி, உள்ளே ஈயத்தகடு, அதற்குள் தேயிலை. மூன்று கப்பலிலும் சேர்த்து 340 பெட்டி. 240 பெட்டி 'போஹீ', 60 'சிங்லோ', 15 'ஹைசன்', 15 'காங்கோ', 10 'சூஷாங்'. அத்தனையும் சீனத்து இலை. நீலகிரியிலும் இலங்கையிலும் தேயிலைத் தோட்டமே போடாத காலம் இது. சரக்கின் சொந்தக்காரரை நமக்கு நன்றாகவே தெரியும்: சென்னப்பட்டணத்தில் கோட்டை கட்டி, வங்காளத்தில் வரி வசூலித்துக்கொண்டிருந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனி.

கடனில் மூழ்கிக் கிடந்த கம்பெனியின் கிடங்கில் விற்காத தேயிலை மலையாகக் குவிந்திருந்தது. அதைக் கைதூக்கிவிடத்தான் 1773 மே மாதம் லண்டன் பாராளுமன்றம் தேயிலைச் சட்டம் போட்டது. கம்பெனித் தேயிலை மலிவாகத்தான் கிடைத்தது. ஆனால் பவுண்டு ஒன்றுக்கு மூன்று பென்ஸ் வரி அப்படியே இருந்தது. எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லாத மன்றம் எங்களுக்கு எப்படி வரி போடலாம் என்பது இந்த ஊரின் கேள்வி. விற்கும் உரிமையோ கையளவு வணிகர்களுக்கு மட்டும். அவர்களில் ஆளுநரின் இரண்டு மகன்களும் உண்டு! மலிவான தேநீரைக் குடித்தால் வரியையும் விழுங்கியதாகும் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது.

நகருங்கள், நகருங்கள், கப்பி சுற்றுகிறது! ஒரு பெட்டியின் எடை சராசரியாக 120 கிலோவைத் தாண்டும். கீழே நிற்பவர்கள் வடத்தை மாட்ட, மேலே நிற்பவர்கள் இழுக்க, பெட்டி ஆடிக்கொண்டே மேல்தளத்துக்கு வருகிறது. கோடாலி இறங்குகிறது. ஈயத்தகடு கிழிகிறது. கருப்பு இலை சரசரவென்று கடலில் கொட்டுகிறது. பெட்டியும் பின்னாலேயே போகிறது. அடுத்தது! டிசம்பர்க் குளிரில் நெற்றியில் வியர்வை வழிய, பூசிய கரியும் கோடு கோடாக இறங்குகிறது. பெண்டு நிமிர்ந்த வேலை. வாழ்நாளில் அப்படி உழைத்ததே இல்லை என்றான் வையெத். கொல்லுப் பட்டறையில் சம்மட்டி பிடித்த பையன் சொன்ன வார்த்தை அது!

இப்போது கரையைப் பாருங்கள். ஆரவாரம் கேட்கிறதா? இல்லவே இல்லை! ஆயிரக்கணக்கானவர்கள் நிற்கிறார்கள், ஆனால் கம்மென்று இருக்கிறது. கோடாலி மரத்தைப் பிளக்கும் சத்தம் தெருமுனை வரை கேட்கிறது. கப்பலில் இருப்பவர்கள் சிரிப்பைக்கூட அடக்கி வைத்திருக்கிறார்கள். மீன்களுக்கு எவ்வளவு பெரிய கோப்பையில் டீ போட்டுக் கொடுக்கிறோம் பார் என்று ஒருவருக்கொருவர் காதோடு கிசுகிசுத்துக்கொண்டதாக வையெத் சொல்லியிருக்கிறான். கூப்பிடு தூரத்தில் ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் நிற்கும்போது அதற்கு மேல் சிரிக்க முடியுமா?

அடடா, ஒரு சிக்கல்! கடல் வற்றிக் கிடக்கிறது. நாள், நேரம், ஆள், கோடாலி எல்லாம் பொருந்தி வந்தும், இது ஓதம் இறங்கும் வேளை. கப்பலைச் சுற்றி முழங்கால் அளவுதான் தண்ணீர். கொட்டிய தேயிலை அடித்துப் போகாமல் வைக்கோல்போர் மாதிரி குவிந்து, மேல்தளத்தை எட்டிப் பார்க்கிறது! பையன்கள் சேற்றில் இறங்கி மிதித்தும் தள்ளியும் கலைக்கிறார்கள். புகழ்பெற்ற அந்த இரவில் ஒரு பகுதி நேரம் கால் புதையும் சேற்றில் தேயிலையை மிதிப்பதில்தான் போயிற்று. எந்த ஓவியரும் அதை வரையக் காணோம்!

திடீரென்று கீழே 'தொம்' என்று ஒரு சத்தம். ஜான் கிரேன் என்ற தச்சர் மேல் பெட்டி விழுந்துவிட்டது. பேச்சு மூச்சு இல்லை. போய்விட்டார் என்றே நினைத்துவிட்டார்கள். அழுவதற்கும் நேரமில்லை, உடலைக் கிடத்திப் போகவும் மனமில்லை. பக்கத்துத் தச்சுப் பட்டறைக்குத் தூக்கிப் போய், இழைப்புச் சுருள்களைக் குவித்து மூடிவிட்டு வேலைக்குத் திரும்புகிறார்கள். வேலை முடிந்து வந்து பார்த்தால், ஆள் உயிரோடு இருக்கிறார்! மரம் இழைத்துப் பிழைத்தவரை அந்த இரவில் போர்த்தி வைத்தது மரச்சுருள்தான். நினைக்கும்போதே எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

இங்கே கட்டுப்பாடு அப்படி இப்படி இல்லை. ஓர் இலைகூட வீட்டுக்குப் போகக்கூடாது! ஆனால் சந்தடி சாக்கில் ஒருவர் கோட்டின் உள்மடிப்புக்குள் தேயிலையை அடைத்துக்கொண்டிருக்கிறார். கானர் என்று பெயர். ஹ்யூஸின் கண்ணுக்குத் தப்புமா? பாய்ந்து கோட்டு வாலைப் பிடித்தார். ஆள் திமிறி ஓட, வால் கிழிந்து கையோடு வந்துவிட்டது. கரையில் நின்றவர்கள் ஆளுக்கொரு உதை கொடுத்து வழியனுப்பினார்கள். மறுநாள் அந்தக் கோட்டுத் துண்டு அவர் குடியிருந்த சார்ல்ஸ்டவுனில் கசையடிக் கம்பத்தில் ஆணியடித்துத் தொங்கியது.

இன்னொருவர் வயதானவர். பெரிய தொப்பி, வெள்ளைப் பொய்முடி. அவர் பையிலும் தேயிலை! பையிலிருந்ததோடு தொப்பியும் பொய்முடியும் சேர்ந்து கடலுக்குள் போயின. வயசாளி ஆயிற்றே என்று உதை மட்டும் மெதுவாக விழுந்ததாம். உதைக்கிற காலிலும் ஒரு மரியாதை!

மூன்று மணி நேரம் ஆயிற்று. எல்லாம் முடிந்தது. 92,000 பவுண்டு எடைத் தேயிலை, கம்பெனிக் கணக்கில் 9,659 ஸ்டெர்லிங் பவுண்டு மதிப்பு. கிளம்பலாம் என்று திரும்பாதீர்கள், நான் உங்களைக் கூட்டி வந்ததே இனி வரும் காட்சிக்காகத்தான். துடைப்பம் வருகிறது! மேல்தளத்தைப் பெருக்குகிறார்கள். நகர்த்திய சாமான்களை இருந்த இடத்திலேயே வைக்கிறார்கள். பீவரில் தேயிலையோடு வேறு சரக்கும் இருந்தது, அதில் கீறல்கூட இல்லை. சேதம் என்று பார்த்தால் கப்பல் தலைவர் ஒருவருடைய ஒரே ஒரு பூட்டு. அதற்கும் பதிலாக வேறொரு பூட்டு வாங்கி அவரிடம் சேர்த்துவிட்டார்கள்.

9,659 பவுண்டுச் சரக்கைக் கடலில் கொட்டியவர்கள் ஒரு பூட்டுக்குக் கணக்குத் தீர்க்கிறார்கள். இந்த இரவை நான் நேசிப்பது இந்த இடத்தில்தான். கோபம் யாருக்கும் வரும். எதை உடைப்பது, எதைத் தொடாமல் விடுவது என்று தெரிந்த கோபம் அரிது. அந்த அறிவு மண்டபத்து மேடையில் பேசியவர்களிடம் மட்டும் இருந்து பயனில்லை. செருப்புத் தைத்தவர், கயிறு திரித்த பையன், தச்சர், கொல்லர் கைகளில் அது இருந்தது. வேலை செய்து பழகிய கைகள், இந்த வேலையையும் சுத்தமாக முடித்துக் கொடுத்தன.

வரிசையாகக் கரை ஏறுகிறார்கள். புல்லாங்குழல் ஒன்று ஊதுகிறது. துறையருகே ஒரு வீட்டு ஜன்னல் திறக்கிறது. யார் தெரிகிறதா? ஆங்கிலேயக் கடற்படை அட்மிரல் மாண்டகு! இன்றிரவு அவர் தங்கியிருப்பது இங்கேதான். ஆட்டம் நன்றாகத்தான் போட்டீர்கள், வாத்தியக்காரனுக்குக் கூலி கொடுக்க வேண்டி வருமே என்கிறார். லெண்டால் பிட்ஸ் விடுவாரா? கீழே இறங்கி வாருங்கள், இரண்டே நிமிடத்தில் கணக்கைத் தீர்த்துவிடலாம் என்கிறார். ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது! ஆனால் கூலிக் கணக்கு உண்மையிலேயே வந்தது. 1774 ஜூன் 1 முதல் பாஸ்டன் துறைமுகத்தையே மூடிவிட்டது லண்டன்.

அதெல்லாம் பிறகு. இப்போது சமையலறைகளுக்குள் நுழைவோம். பிராட்லீ சகோதரர்கள் வீட்டில் வெந்நீர் தயார். அவர்களுக்கு வேடம் போட்டுவிட்டு, திரும்பி வந்ததும் கரியைக் கழுவிவிட்டவர் உடன்பிறந்த சாரா பிராட்லீ ஃபுல்ட்டன் என்று அந்தக் குடும்பம் தலைமுறைகளாகச் சொல்லி வந்தது. தேயிலைக்கு எதிரான போரில் பெண்கள் எப்போதோ களமிறங்கிவிட்டார்கள். 1770-லேயே பாஸ்டனில் 300-க்கும் மேற்பட்ட இல்லத்தரசிகள் தேநீர் குடிப்பதில்லை என்று கையெழுத்திட்டிருந்தார்கள். ராஸ்பெர்ரி இலையைக் காய்ச்சிக் குடித்துச் சமாளித்த வீடுகள் எத்தனையோ! 1774-இல் நெடும்பயணத்தில் களைத்துப்போன வழக்கறிஞர் ஜான் ஆடம்ஸ், நேர்மையாகக் கடத்தி வந்த தேயிலை இருக்கிறதா என்று ஒரு விடுதியில் கேட்டார். அந்த வீட்டுப் பெண்மணி, இங்கே தேநீரையே விட்டொழித்துவிட்டோம், வேண்டுமானால் காபி தருகிறேன் என்றார். மறுபேச்சில்லாமல் காபிக்கு மாறிவிட்டார் மனிதர்.

அதற்காக எல்லா வீட்டிலும் தேநீர் ஆசை விட்டுப்போனதா என்ன? நம் ஹ்யூஸ் வீடு திரும்பி, நடந்ததையெல்லாம் மனைவி சாலியிடம் மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். அம்மாள் கேட்ட முதல் கேள்வி, எனக்குக் கொஞ்சம் கொண்டு வந்தீர்களா என்பதுதான்! ஊரார் கோட்டுகளையெல்லாம் சோதித்துவிட்டு வந்த மனிதருக்கு எப்படி இருந்திருக்கும்!

விடியப் போகிறது. கரையோரமாய்ப் பாருங்கள், இருளோடு இருளாகத் தேயிலை மிதக்கிறது. சின்னப் படகுகளில் போய்த் துடுப்பால் அடித்து அடித்து மூழ்கடிக்கிறார்கள். ஓர் இலையும் தப்பக்கூடாது.

ஆனாலும் தப்பியது! தாமஸ் மெல்வில் என்ற இருபத்திரண்டு வயது இளைஞர் காலையில் செருப்பை எடுத்துப் பார்க்கிறார். உள்ளே தேயிலை! கோட்டு மடிப்பைச் சோதித்தார்கள், பையைச் சோதித்தார்கள், பொய்முடியைக்கூட விட்டு வைக்கவில்லை. மேல்தளத்தில் கணுக்கால் ஆழத் தேயிலையில் நின்று உழைத்தவரின் செருப்பை யார் பார்த்தார்கள்? அவர் அதை உதறி எறியவில்லை, கொதிநீரில் போட்டுக் குடிக்கவும் இல்லை. ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடி வைத்தார். 'மோபி டிக்' நாவலை எழுதிய ஹெர்மன் மெல்வில் அவருடைய பேரன். பாட்டனாரின் குப்பி இன்றும் பாஸ்டனில் இருக்கிறது.

92,000 பவுண்டில் ஒரு பிடி. யாரும் திருடாமல், யாரும் விற்காமல், உழைத்த வேகத்தில் காலோடு ஒட்டி வந்த தேயிலை. முன்வாசல் வழியாக வந்திருந்தால் இதை நாம் பார்த்திருக்கவே மாட்டோம்.